ரெண்டு கிட்னியும் ஒட்டியிருந்தா கல்லை எப்படி எடுப்பாங்க?

கேள்வி: டாக்டர், என் வீட்டுக்காரருக்கு 44 வயசு. இடுப்பு வலின்னு ஸ்கேன் எடுத்ததுல இடது கிட்னில 2.4 செ.மீ. கல்லு, அதோட ரெண்டு கிட்னியும் கீழ ஒட்டி குதிரை லாடம் மாதிரி இருக்குன்னாங்க. கல்லை வெளியிலேர்ந்தே அதிர்வு குடுத்து உடைக்கற ஷாக் வேவ் ரெண்டு தடவை குடுத்தும் கல்லு வெளிய வரல. இப்ப முதுகுல துளை போட்டு எடுக்கணுமாம். ஒட்டின கிட்னில துளை போட்டா ரெண்டுமே கெட்டுப் போயிடாதா?

பதில்: அந்த பயம் வேண்டாம்மா. இது பிறவியிலேயே வர்றது, சுமார் 500 பேர்ல ஒருத்தருக்கு இருக்கும், பாதி பேருக்கு தெரியாமலே போயிடும். வயித்துல குழந்தையா இருக்கும்போது கிட்னி இடுப்புலேர்ந்து மேல ஏறி வரணும், கீழ் முனை ரெண்டும் ஒட்டிக்கிட்டதால பெருங்குடலுக்கு போற ஒரு ரத்தக்குழாய் தடுத்து பாதியிலயே நின்னுடுது, சரியா திரும்பவும் மாட்டேங்குது. அதனால யூரின் குழாய் உசரத்துல ஆரம்பிச்சு அந்த ஒட்டின இடத்துக்கு மேல ஏறி இறங்க வேண்டியிருக்கு. யூரின் தேங்கும், கல்லும் சேரும். ஷாக் வேவ்ல கல்லு உடைஞ்சாலும் தூள் இறங்க வழி சரியில்ல, அதுதான் உங்க வீட்டுக்காரருக்கும் நடந்திருக்கும்.

2 செ.மீ.க்கு மேல இருந்தா பிசிஎன்எல்தான், அதாவது முதுகு வழியா துளை போட்டு எடுக்கறது, உங்க டாக்டர் சொன்னது சரி. பெரும்பாலும் கிட்னியோட மேல் முனை வழியா போவாங்க, ஒட்டின இடம் கீழ முதுகெலும்புக்கு முன்னாடி இருக்கு, அந்தப் பக்கம் போகவே தேவையில்ல. சாதாரண கிட்னில மேல் முனைல குத்தினா நுரையீரல் உறைல படுமோன்னு யோசிப்போம், இங்க கிட்னியே கீழ இறங்கி இருக்கறதால அந்த ரிஸ்க் கம்மி. ஆனா பாதை ஆழம், நீளமான ஸ்கோப் தேவைப்படலாம், ரத்தக்குழாய்களும் ஆளுக்கு ஆள் மாறும், சில பேருக்கு குடல் கிட்னிக்கு பின்னாடி வந்து கிடக்கும். அதனால சிடி ஸ்கேன் பாக்காம துளை போட சம்மதிக்காதீங்க. யூரின் கல்ச்சர்ல கிருமி இருந்தா முதல்ல அதுக்கு மருந்து. ரத்தக்கசிவு, காய்ச்சல் வர வாய்ப்பு இருக்கு, துண்டு மிச்சம் இருந்தா வளையுற ஸ்கோப் விட்டு இன்னொரு தடவை எடுக்க வேண்டி வரலாம்.

இன்னொண்ணு கண்டிப்பா கேளுங்க, யூரின் குழாய் ஆரம்பிக்கற இடத்துல நிஜமாவே அடைப்பு இருக்கான்னு. அடைப்பு இருந்து அதை லேப்ராஸ்கோப்ல சரி பண்ணலைன்னா கல்லு திரும்ப வரும். வாழைத்தண்டு ஜூஸ் குடிக்கட்டும், ஆனா இந்த சைஸ் கல்லு அதுல கரையாது. எடுத்த கல்லை டெஸ்டுக்கு அனுப்ப சொல்லுங்க. உள்ள டிஜே ஸ்டென்ட், அதாவது கிட்னிலேர்ந்து யூரின் இறங்க வெக்கற மெல்லிய குழாய், வெச்சா எடுக்கற தேதிய எழுதி வாங்கிக்கங்க, வலி இல்லைன்னு அதை மறந்துட்டு அதுமேலயே கல்லு கட்டி வர்றவங்கள நிறைய பாக்கறோம். ஆபரேஷனுக்கு முன்னாடியே குளிர் காய்ச்சல் வந்தா காத்திருக்காம அன்னிக்கே ஆஸ்பத்திரிக்கு போயிடுங்க.