போர்ப் பகுதியில் யார் வெளியேறினார்கள், யார் தங்கிவிட்டார்கள் என்று வரைபடம் வரைவதால் நிவாரணத்துக்கு உண்மையிலேயே பயன் உண்டா? வீட்டிலிருந்தே உதவ முடியுமா?

பயன் உண்டு. வீட்டிலிருந்தும் உதவலாம். ஆனால் கேள்விக்குக் கீழே விளக்கமாக ஒரு வரி எழுதியிருக்கிறீர்களே, ‘செயற்கைக்கோள் படத்தில் கூரைகளை எண்ணி நான்கால் பெருக்கினால் ஆள் கணக்கு வந்துவிடுமே’ என்று, அந்த வரிதான் என்னை எழுத உட்கார வைத்தது.

நீங்கள் கணினித் துறையில் இருப்பவர் என்று ஊகிக்கிறேன். வார இறுதியில் ஏதாவது நல்ல காரியம் செய்ய வேண்டும் என்ற எண்ணம் இருக்கும். அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. நான் மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம் ஒரு தோட்ட ஆபீசில் கிராணியாக, அதாவது கணக்கெழுத்தராக, இருந்து ஓய்வு பெற்றவன். ஆள் கணக்கு எழுதியே தலை நரைத்தது. கிராணி என்றாலே துரையின் கையாள் என்று எழுதச் சிலர் இப்போதே தயாராகியிருப்பார்கள். எழுதிக்கொள்ளுங்கள். செக்ரோலில், அதாவது கூலிக்கான பெயர்ப் பதிவேட்டில், ஒரு பெயர் விடுபட்டால் அந்த மாதம் ஒரு வீட்டில் கடைக்கடன் ஏறும் என்று தெரிந்தவனும் அதே கிராணிதான்.

முதலில் உங்கள் கூரைக் கணக்கைப் பார்ப்போம். 2010-இல் ஹைட்டி நிலநடுக்கத்தின்போது ஓப்பன் ஸ்ட்ரீட் மேப் என்ற திறந்த வரைபடத்தில் பல நாட்டவர்கள் வீட்டிலிருந்தபடியே தெருக்களையும் கட்டடங்களையும் வரைந்து கொடுத்தார்கள். அந்த வேலையிலிருந்து மனிதாபிமான ஓப்பன் ஸ்ட்ரீட் மேப் குழு உருவானது. 2014-இல் அந்தக் குழுவும் அமெரிக்க, பிரிட்டிஷ் செஞ்சிலுவைச் சங்கங்களும் எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்பும் சேர்ந்து மிஸ்ஸிங் மேப்ஸ் திட்டத்தைத் தொடங்கின. ஒரு வட்டாரத்தைக் கட்டம் கட்டமாகப் பிரித்துவிடுவார்கள். நமக்குக் கிடைத்த கட்டத்தில் தெரியும் பாதைகளையும் கூரைகளையும் நாம் வரைய வேண்டும், இன்னொருவர் சரிபார்ப்பார். தெற்கு சூடானின் வட்டக் குடிசைகளை வரைந்துவிட்டு ‘ஓ’ விசையை அழுத்தினால் வட்டம் சீராகிவிடும். சதுரக் கட்டடத்துக்கு ‘க்யூ’ விசை. மரத்தின் நிழலைக் கூரை என்று வரைந்தால் திருப்பி அனுப்புவார்கள், கோபிக்கக் கூடாது.

இந்த வேலையை நான் இரவில், அதுவும் தம்பி மகனின் கடையில் உட்கார்ந்து செய்கிறேன். ஏன் என் வீட்டில் இல்லை? எங்கள் தாமானில் (குடியிருப்பில்) ஃபைபர் இணைப்புக்குப் போர்ட் காலியில்லையாம். சாலைக்கு அந்தப் பக்கம் புதிதாகக் கட்டிய வீடுகளுக்கு ஆள் குடியேறுவதற்கு முன்பே இணைப்பு வந்துவிட்டது. எங்களுக்கு மட்டும் ‘உங்கள் விண்ணப்பம் பரிசீலனையில் உள்ளது’ என்று குறுஞ்செய்தி வருகிறது. நிறுவனத்தின் பெயரைச் சொல்ல விரும்பவில்லை. வாடிக்கையாளர் சேவைக்கு அழைத்தால் முக்கால் மணி நேரம் இசை கேட்கலாம், நல்ல இசை. போகட்டும்.

விஷயம் என்னவென்றால், நாம் பார்த்து வரையும் அந்தப் படம் பெரும்பாலும் பழையது. எரிந்துபோன கிராமம் அதில் முழுதாக நிற்கும். போன மாதம் முளைத்த முகாம் அதில் வெறும் புதராக இருக்கும். ஆகவே நாம் வரைந்து கொடுப்பது அடித்தாள் மட்டுமே. லாரி எந்த வழியாகப் போக முடியும், ஆறு எங்கே குறுக்கிடும், இங்கே ஓர் ஊர் இருந்ததா என்பதற்கெல்லாம் அது உதவும். ஆட்களை எண்ணுவது தனி வேலை. புலம்பெயர்வுக்கான பன்னாட்டு அமைப்பு 2004-இல் ஈராக்கில் ஓர் இடப்பெயர்வுக் கண்காணிப்பு முறையைத் தொடங்கியது. இன்று பல நாடுகளில் அது நடக்கிறது. ஊர்த் தலைவர், ஆசிரியர், முகாம் பொறுப்பாளர் என்று விவரம் தெரிந்தவர்களைத் தேடிப் போய், எத்தனை குடும்பங்கள் வந்தன, எங்கிருந்து, எப்போது, எத்தனை திரும்பிப் போயின என்று கேட்கிறார்கள். சில வாரம் கழித்து மறுபடியும் போய்க் கேட்கிறார்கள். புதிய படம் கிடைத்தால் கூடாரங்களை எண்ணுவதும் உண்டு. அப்போதும் சில கூடாரங்களுக்குள் போய் ஆட்களை எண்ணிச் சராசரி எடுத்த பிறகுதான் பெருக்குவார்கள். உங்கள் ‘நான்கு’ எங்கிருந்து வந்தது?

எண் தவறினால் என்ன ஆகும் என்பதற்கு ஒரு சின்னக் கணக்கு. நிவாரணப் பணியாளர்கள் கையில் வைத்திருக்கும் ஸ்பியர் கையேடு, ஆளுக்கு நாளொன்றுக்குக் குறைந்தது 15 லிட்டர் தண்ணீர், 20 பேருக்கு ஒரு கழிப்பறை என்கிறது. ஆயிரம் பேர் விடுபட்டால் தினமும் 15,000 லிட்டர் தண்ணீர் குறையும், 50 கழிப்பறைகள் குறையும். பிறகு வயிற்றுப்போக்கு வந்தால் அதற்குத் தனியாக ஓர் அறிக்கை எழுதுவார்கள்.

இப்போது என் கதைக்கு வருகிறேன். தோட்டத்துச் சோற்றுப் பொட்டலத்தையும் போரையும் ஒப்பிடலாமா என்று கேட்பவர்களுக்கு: ஒப்பிடவில்லை. குண்டு விழாத ஊரிலேயே கணக்கு எப்படிக் கோணுகிறது என்று சொல்லப் போகிறேன், அவ்வளவுதான்.

2020 மார்ச் 18 அன்று கொரோனாவுக்காக மலேசியா முழுக்க நடமாட்டக் கட்டுப்பாடு வந்தது. அதற்குச் சில ஆண்டுகளுக்கு முன்பு எங்களுக்குப் பக்கத்துத் தோட்டம் வீடமைப்புக்காகக் கைமாறி, அங்கிருந்த லயங்களை (தொழிலாளர்களின் வரிசை வீடுகளை) இடித்துவிட்டார்கள். சில குடும்பங்கள் மலிவு விலை அடுக்குமாடிக்குப் போயின. பல குடும்பங்கள் எங்கள் தோட்டத்து லயங்களில் இருந்த அண்ணன் வீட்டிலும் மாமியார் வீட்டிலும் ஒண்டிக்கொண்டன. எல்லாம் அன்றாடக் கூலி வேலை. வேலை நின்றதும் கையிருப்பு சீக்கிரமே தீர்ந்தது. கோயில் கமிட்டியும் இளைஞர்களும் சேர்ந்து அரிசி, எண்ணெய், மத்தி மீன் டின், மைலோ எல்லாம் பையில் கட்டினார்கள். கையில் இருந்த பட்டியல் வாசல் எண்களின் பட்டியல். ஒரு வாசலுக்கு ஒரு பை. முதல் நாளே சண்டை. ஒரே வாசலுக்குள் மூன்று குடும்பங்கள் இருந்த வீட்டுக்கும், மகன் சிங்கப்பூரிலும் தான் தனியாகவும் இருந்த ஓர் அம்மாவுக்கும் ஒரே பை.

கமிட்டியில் என்னைக் கூப்பிட்டார்கள். நான் நேராகப் போனது ஆயாக்கொட்டகையில் பல காலம் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்ட ஓர் அக்காவிடம். எந்தப் பிள்ளை யாருடையது, எவன் எந்த வீட்டில் படுக்கிறான் என்பது அவருக்குத் தெரியாமல் போகாது. நான் நோட்டை எடுத்ததும் அவர் சொன்னார்: “வாசலை எண்ணாதீர்கள் கிராணியாரே, அடுப்பை எண்ணுங்கள். ஒன்றாக உலை வைப்பவர்கள்தான் ஒரு குடும்பம்.” பல நாடுகளில் கணக்கெடுப்பு அலுவலர்கள் குடும்பம் என்பதை அப்படித்தான் வரையறுக்கிறார்கள், ஒரே பானையில் சமைத்துச் சாப்பிடுபவர்கள் என்று. அந்த அக்கா அதையெல்லாம் படித்தவர் இல்லை.

ஓப்பன் ஸ்ட்ரீட் மேப்பில் எங்கள் லயங்களை நான் முன்பே வரைந்து வைத்திருந்தேன். அதை அச்செடுத்து, ஒவ்வொரு லயத்தின் மேலும் அடுப்பு எத்தனை, வாய் எத்தனை, பால் குடிக்கும் குழந்தை எத்தனை, சர்க்கரை நோயாளி எத்தனை என்று எழுதினோம். பெயர் எழுதவில்லை. இளைஞர்களுக்கு இது பிடிக்கவில்லை. பெயர், அடையாளக் கார்டு எண், தொலைபேசி எண் எல்லாவற்றையும் ஓர் அட்டவணையில் போட்டு எல்லாருக்கும் கைப்பேசியில் பகிர வேண்டும், இல்லாவிட்டால் ஏமாற்றிவிடுவார்கள் என்றார்கள். ஒரு பை அரிசிக்காகவா ஏமாற்றுவான், ஏமாற்றினால் ஏமாற்றட்டும் என்று நான் பிடிவாதமாக நின்றேன்.

காரணம் இருந்தது. கடைசி லயத்தில் வங்காளதேசத்துத் தொழிலாளர்கள் இருந்தார்கள். நம் ஆட்கள் விட்டுப் போன செம்பனை (எண்ணெய்ப் பனை) வேலையை இன்று செய்பவர்கள் அவர்கள்தான். அவர்களில் சிலரின் அனுமதிச் சீட்டு காலாவதியாகியிருந்தது. பழைய பட்டியலில் அந்த லயமே கிடையாது. “முதலில் நம் ஆட்கள்” என்று ஒருவர் கூட்டத்தில் சொன்னபோது அந்த அக்காதான் எழுந்து, “அவர்கள் மண்ணையா தின்கிறார்கள்?” என்று கேட்டார். மே 1 அன்று கோலாலம்பூர் மஸ்ஜித் இந்தியா வட்டாரத்தில் ஆவணமற்றவர்களை வளைத்துப் பிடித்த செய்தி வந்தது. அதற்குப் பிறகு மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டாலே அந்த லயத்துப் பையன்கள் செம்பனைக் காட்டுக்குள் ஓடினார்கள். எங்கள் தாளில் ‘கடைசி லயம், அடுப்பு ஐந்து’ என்று மட்டும் இருந்தது. பைகளை லயத்து முனையில் வைத்துவிட்டு வந்துவிடுவோம். யாருடைய கையில் அந்தத் தாள் கிடைத்தாலும் ஒருவரையும் அடையாளம் காட்டாது. இதை நான் பெருமையாகவே சொல்கிறேன். சட்டத்தை மீறச் சொல்கிறான் என்று யாரும் கிளம்ப வேண்டாம். அரிசி வாங்க அனுமதிச் சீட்டு தேவையில்லை என்கிறேன்.

இன்னொரு குழு வெளியிலிருந்து வந்தது. தோட்டம் இடிக்கப்பட்டு ‘வெளியேற்றப்பட்டவர்களுக்கு’ மட்டும்தான் கொடுப்போம் என்றார்கள். இடம் கொடுத்தவனின் அரிசியைத்தானே வந்தவர்கள் இத்தனை நாள் சாப்பிட்டார்கள்? உள்ளூர்க்காரன் வீட்டு மூட்டையும் காலி. போர்ப் பகுதிகளிலும் இதே நிலைமைதான். சூடானில் 2023 ஏப்ரல் 15 அன்று தொடங்கிய போரில் உள்நாட்டுக்குள்ளேயே இடம்பெயர்ந்தவர்கள் ஒரு கோடிக்கும் மேல் போனார்கள். அவர்களில் மிகப் பலர் முகாமில் இல்லை, யாரோ ஒருவர் வீட்டுத் திண்ணையில் இருக்கிறார்கள். செயற்கைக்கோளுக்கு அந்த வீடு ஒரே கூரை. ஆகவே வந்தவர்களையும் இருந்தவர்களையும் ஒரே தாளில், பக்கத்துப் பக்கத்துக் கட்டத்தில் எழுதாத கணக்கை நான் கணக்காக மதிப்பதில்லை.

எண்ணுவதெல்லாம் சோறு போடுவதற்காக என்றும் நினைத்துவிடாதீர்கள். 1948 ஜூன் 16 அன்று எங்கள் சுங்கை சிப்புட் வட்டாரத்தில் மூன்று ஐரோப்பியத் தோட்டக்காரர்கள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். கம்யூனிஸ்ட் கெரில்லாக்களை ஒடுக்க பிரிட்டிஷ் ஆட்சி அவசரகாலத்தை அறிவித்தது. 1950-இல் தொடங்கிய பிரிக்ஸ் திட்டம் என்ற குடிபெயர்ப்புத் திட்டத்தில் ஏறக்குறைய ஐந்து லட்சம் பேரைப் புதுக்கிராமங்களுக்குப் பெயர்த்துக் கொண்டுபோனார்கள். சிதறிக் கிடந்த தோட்ட லயங்களையும் முள்கம்பிக்குள் ஒன்று சேர்த்தார்கள். பால் வெட்டப் போகும்போது சோற்றுத் தூக்கைத் திறந்து காட்ட வேண்டும், கம்பிக்கு வெளியே ஒரு பிடி அரிசி போகக் கூடாது என்று அப்பா சொல்வார். தலையை எண்ணி அரிசி அளந்ததே காட்டுக்குள் இருக்கும் கெரில்லாக்களுக்கு ஒரு மணி அரிசிகூடப் போகக் கூடாது என்பதற்காகத்தான். அதுவும் மிகத் துல்லியமான கணக்குதான்.

இலங்கையின் வடக்கே, இறுதிப் போர் நடந்த வன்னியைச் சொல்லாமல் விட முடியாது. 2009 தொடக்கத்தில் அங்கே சிக்கியிருந்தவர்கள் அதிகபட்சம் 70,000 என்றது கொழும்பு அரசு. முல்லைத்தீவில் இருந்த அரச அதிகாரியின் கணக்கோ 330,000. புதுமாத்தளன் கடற்கரையில் கூடாரங்கள் நெருக்கியடித்து நின்றது செயற்கைக்கோள் படங்களில் தெரிந்தது. சின்ன எண்ணுக்கு ஏற்றபடிதான் உணவை அனுமதித்தார்கள். மே மாதம் எல்லாம் முடிந்தபோது மெனிக் பார்ம் உள்ளிட்ட முகாம்களில் அடைக்கப்பட்டவர்கள் மட்டும் 280,000-க்கு மேல். அரசியல் பேசுகிறான் என்று புகார்ப் பொத்தானைத் தேடுபவர்களுக்கு: ஐநா தலைமைச் செயலர் அமைத்த நிபுணர் குழுவின் 2011 அறிக்கையைப் படித்துவிட்டு வாருங்கள். அங்கே வரைபடமும் இருந்தது, எண்ணியவரும் இருந்தார். அந்த எண்ணை ஏற்கத்தான் ஆள் இல்லை. நாம் வரைந்து கொடுப்பதால் எல்லாம் சரியாகிவிடும் என்ற எண்ணம் உங்களுக்கு இருந்தால் கொஞ்சம் குறைத்துக்கொள்ளுங்கள்.

பெயர்ப் பட்டியல் குறித்தும் ஒன்று. வங்காளதேச முகாம்களில் ரோஹிங்கியாக்களிடம் திரட்டிய விவரங்கள், அவர்களைத் துரத்திய மியான்மர் அரசின் கைக்கே போய்ச் சேர்ந்தன என்று 2021-இல் ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் குற்றம் சாட்டியது. சம்மதம் கேட்டே பகிர்ந்தோம் என்றது ஐநா அகதிகள் ஆணையம். அரிசி அட்டைக்காக வரிசையில் நிற்பவன் சம்மதிக்காமல் என்ன செய்வான்? வரைபடமும் அப்படித்தான் கைமாறும். 2022-இல் போர் மூண்டதும் உக்ரைனின் ஓப்பன் ஸ்ட்ரீட் மேப் குழுவினரே தங்கள் நாட்டை இப்போது யாரும் வரைய வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார்கள்.

சரி, நீங்கள் சேரலாமா? தாராளமாக. தொடக்கத்தில் கூரைகளைவிடப் பாதைகளை வரையுங்கள், லாரிக்கு அதுதான் வேண்டும். பணியின் விளக்கத்தில் படம் எந்த ஆண்டுடையது என்று பாருங்கள். சண்டை நடக்கும் ஊராக இருந்தால், எந்த அமைப்பு எதற்காகக் கேட்கிறது என்று எழுதியிருக்கிறதா என்று படித்துவிட்டுத் தொடங்குங்கள்; எழுதவில்லை என்றால் வேறு கட்டத்துக்குப் போய்விடுங்கள். கணினிக்கு மவுஸ் வாங்கிக்கொள்ளுங்கள், விரலால் தேய்த்து வரைந்தால் வட்டக் குடிசை எல்லாம் உருளைக்கிழங்கு மாதிரி வரும். சந்தேகம் இருந்தால் கீழே கேளுங்கள். கடை ஒன்பது மணிக்கு மூடிவிடும், அதற்குள் கேட்டால் அன்றைக்கே பதில் போடுவேன்.