ஓக் சவான்னாவை மீட்க மரத்தை வெட்டுவதும் தீ வைப்பதும் ஏன்?

அமெரிக்காவின் நடுமேற்கில் பரவியிருந்த ஓக் சவான்னா அடர்காடு அல்ல. கிளை விரித்த ஓக் மரங்கள், இடையே வெயில், கீழே புல்லும் பூச்செடிகளும். பூர்வகுடிகள் வைத்த தீதான் அதைத் திறந்தவெளியாக வைத்திருந்தது. தடித்த பட்டையுள்ள பர் ஓக் தீயைத் தாங்கும், மேப்பிள் கன்று கருகிவிடும். தீ நின்றதும் மேப்பிளும் ஐரோப்பாவிலிருந்து வந்த பக்தார்ன் புதரும் மூடிக்கொண்டன; அந்த நிழலில் ஓக் கன்று தேறாது. 1985ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் நல்ல நிலையில் மிஞ்சியிருந்தது பழைய பரப்பில் சுமார் 0.02 சதவீதம்தான். நெஞ்சு பதைக்கும் எண் அது.

முதலில் வெட்டு, பிறகுதான் தீ. மேப்பிள் சருகு ஈரத்தோடு தட்டையாகப் படிந்து கிடப்பதால் தீ நகராது. பக்தார்னை இலையுதிர் காலக் கடைசியில் அறுங்கள். மற்றவை உதிர்ந்தபின்னும் அது பச்சையாக நிற்கும், கண்டுபிடிப்பது எளிது. அறுத்த கையோடு அடிக்கட்டையில் களைக்கொல்லி பூசுங்கள். பலர் சறுக்குவது இங்கேதான்: பூசாமல் விட்டால் ஒரு தண்டுக்குப் பல தண்டு துளிர்க்கும். ஏப்ரல் முதல் ஜூலை வரை ஓக்கில் காயம் படக் கூடாது, வண்டுகள் அதன் வழியே வாடல் பூஞ்சையைக் கொண்டுவரும்.

முழு இடத்தையும் ஒரே ஆண்டில் எரிக்காதீர்கள். சருகுக்குள் குளிர்காலத்தைக் கழிக்கும் பூச்சிகளுக்குப் பாதியாவது மிச்சம் இருக்கட்டும்.