வான்கோழி வேட்டைக்கு கிரவுண்ட் பிளைண்ட் வாங்கலாமா?

கேள்வி: பென்சில்வேனியாவில் வசிக்கிறேன். வரும் வசந்தத்தில் முதல்முறையாகக் காட்டு வான்கோழி வேட்டைக்குப் போகிறேன். அலுவலக நண்பர் ஒருவர் தன் குடும்பப் பண்ணையில் அனுமதி தந்திருக்கிறார். என் 12 வயது மகளும் வருகிறாள். கிரவுண்ட் பிளைண்ட் (உள்ளே ஒளிந்து உட்காரும் சிறு துணிக்கூடாரம்) இல்லாமல் போகவே போகாதே என்கிறார் ஒருவர். அது தண்டச் செலவு, ஒரு மரத்தடி போதும் என்கிறார் இன்னொருவர். 200 டாலர் போடலாமா, வேண்டாமா?

பதில்: மகள் வருகிறாள் என்றால் வாங்குங்கள். நீங்கள் மட்டும் துப்பாக்கியோடு மரங்கள் அடர்ந்த காட்டுக்குள் போவதாக இருந்தால், அந்தக் காசில் நல்ல தோட்டாவும் உட்கார ஒரு மெத்தையும் வாங்கிக்கொள்ளுங்கள் என்று சொல்லியிருப்பேன். உங்களுக்கு யோசனை சொன்ன இருவரும் சரியாகத்தான் சொல்கிறார்கள். இருவர் மனதிலும் இருப்பது வேறு வேறு வேட்டை, அவ்வளவுதான்.

வான்கோழிக்கு மோப்பம் சுமார்தான். மான் வேட்டையில் போல் காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று இங்கே கவலைப்பட வேண்டியதில்லை. ஆனால் கண் பொல்லாதது. தலையின் இருபுறமும் கண்கள் இருப்பதால், கழுத்தைத் திருப்பாமலேயே ஏறக்குறைய 270 டிகிரி பார்க்கும். நிறமும் தெரியும். அது முக்கியமாகக் கவனிப்பது அசைவைத்தான். மூக்கைச் சொறிய நீங்கள் கையை உயர்த்தினால் போதும், 'பட்' என்று ஒரு குரல் கொடுத்துவிட்டு நடையைக் கட்டிவிடும். அசைவை மறைப்பதுதான் பிளைண்டின் வேலை. அசையாமல் உட்காரத் தெரிந்த பெரியவருக்கு அது அவ்வளவாகத் தேவையில்லை. பள்ளிக்கூடப் பிள்ளை இரண்டு மணி நேரம் சிலைபோல் உட்காரும் என்று நம்புவதற்கில்லை. உள்ளே இருந்தால் அவள் காலை நீட்டலாம், பிஸ்கட் சாப்பிடலாம், மெதுவாகக் காதோடு பேசலாம். வில்லோடு போகிறவருக்கும் இதே கதைதான். வில்லை முழுதாக இழுப்பது பெரிய அசைவு. திறந்த வெளியில் அதைப் பறவையின் கண்ணில் படாமல் செய்வது பழகினவர்களுக்கே கஷ்டம்.

இன்னொரு வசதியும் உண்டு. நேற்றுவரை இல்லாத கூடாரம் இன்று வயலில் நின்றால் மான் நாள்கணக்கில் அந்தப் பக்கம் வராது. வான்கோழி பெரும்பாலும் அதைக் கண்டுகொள்வதே இல்லை. மானுக்குச் செய்வதுபோல் வாரக்கணக்கில் முன்னாடியே வைத்து, கிளைகளைச் செருகி மறைக்க வேண்டிய கட்டாயம் இல்லை. விடிவதற்கு முன் இருட்டில் விரித்து, அன்றைக்கே அதில் உட்காரலாம். ஒன்றே ஒன்று: துணி காற்றில் படபடக்கக் கூடாது. ஆணிகளை நன்றாக அடித்து, பக்கவாட்டுக் கயிறுகளை இழுத்துக் கட்டுங்கள். கடையில் வாங்கியதும் வரும் பளபளப்புப் போக, இரண்டு மூன்று நாள் வீட்டுப் பின்புறம் வெயிலில் விரித்து வையுங்கள்.

சரி, அப்படியென்றால் ஏன் எல்லோருக்கும் சிபாரிசு செய்யவில்லை? பிளைண்டுக்குள் போய் உட்கார்ந்தால் அந்த ஓரிடத்தில் மொத்தப் பந்தயத்தையும் கட்டிவிட்டீர்கள். வசந்த வேட்டை என்பது சேவல் எங்கே கத்துகிறது என்று கேட்டு, பெட்டையின் குரலில் அழைத்து, அதை நம் பக்கம் வரவைப்பது. சேவல் 80 கெஜத்தில் வந்து நின்றுகொண்டு, பெட்டைதான் தன்னிடம் வரவேண்டும் என்று தோகையை விரித்துக் காத்திருப்பது அடிக்கடி நடக்கும். மரத்தடியில் இருப்பவர் சத்தமில்லாமல் பின்வாங்கி, வேறு பக்கம் போய் அழைத்துப் பார்க்கலாம். எடையில் 15, 20 பவுண்டு வரும் கூடாரத்தையும் இரண்டு நாற்காலியையும் வைத்துக்கொண்டு அது நடக்காது. துணிக்குள் காதும் மந்தமாகிவிடும். கத்தும் சேவல் 100 கெஜத்தில் இருக்கிறதா, 200-லா என்று கணிப்பது சிரமம். ஜன்னல் இல்லாத பக்கத்திலிருந்து வந்தால் தெரியவும் தெரியாது.

அதனால் 200 டாலரைவிட முக்கியமானது, சீசன் தொடங்கும் முன் இரண்டு மூன்று காலையாவது பண்ணைக்குப் போய்ப் பார்ப்பது. இரவில் எந்த மரங்களில் அடைகின்றன, இறங்கியதும் எந்த வயலுக்கு வருகின்றன, தோகை விரித்து ஆடும் திட்டு எது என்று தெரிந்துகொள்ளுங்கள். மண்ணில் இறக்கை நுனி உரசிய கோடுகள் காலடித் தடத்தின் இருபுறமும் தெரிந்தால் அதுதான் இடம். வயலின் ஓரத்தில், அங்கேதான் கூடாரம். அடையும் மரத்துக்கு மிக அருகே போகாதீர்கள். இந்தக் கூடாரங்கள் விரியும்போது 'டப் டப்' என்று சத்தம் போடும்; மரத்தில் இருக்கும் பறவைக்கு அது கேட்டுவிடும்.

இனி உள்ளே. பெரும்பாலான கூடாரங்களின் உட்புறம் கறுப்பு. அதனால் உள்ளே கறுப்புச் சட்டை, கறுப்புக் கையுறை, முகத்துக்குக் கறுப்புத் துணி. விலை கொடுத்து வாங்கிய இலைத்தழை டிசைன் சட்டை அங்கே பளிச்சென்று தெரியும். முன்பக்கம் ஒன்றிரண்டு ஜன்னல் மட்டும் திறந்திருக்கட்டும். பின்ஜன்னலும் திறந்திருந்தால் அந்த வெளிச்சத்தில் உங்கள் நிழலுருவம் தெரிந்துவிடும். காலை வெயில் கிழக்கிலிருந்து நேராக முகத்தில் விழாதபடி, திறக்கும் ஜன்னல் மேற்கையோ வடக்கையோ பார்க்கட்டும். ஜன்னலை ஒட்டி உட்காராமல் பின்சுவர்ப் பக்கம் நகர்ந்து உட்காருங்கள். தரையிலுள்ள சருகையெல்லாம் காலால் ஒதுக்கிவிட்டு நாற்காலியைப் போடுங்கள்.

பலர் கோட்டைவிடும் இடம் நாற்காலியின் உயரம். உங்களுக்குச் சரியாக இருக்கும் ஜன்னல் உங்கள் மகளுக்கு நெற்றிக்கு மேலே இருக்கும். வீட்டிலேயே விரித்து, அவளை உட்காரவைத்து, காலி என்று உறுதி செய்த துப்பாக்கியைத் தாங்குகாலில் வைத்துப் பார்த்துவிடுங்கள். அப்போதே இன்னொன்றையும் கவனியுங்கள். குழலின் மேல் இருக்கும் குறிமுனை வழியாகப் பார்க்கும்போது வெளியே தெளிவாகத் தெரியும். ஆனால் அதற்குக் கீழே இருக்கும் குழல்வாய் ஜன்னலின் கீழ்விளிம்புத் துணியைப் பார்த்துக்கொண்டிருக்கும். சுட்டால் கூடாரத்தில் ஓட்டை விழும், பறவை போய்விடும். மூடிய இடத்தில் வெடிச்சத்தம் பலமாக அறையும், அதனால் இருவருக்கும் காதுப் பாதுகாப்பு கட்டாயம். துப்பாக்கிக் குழலின் அகலத்தைக் கேஜ் கணக்கில் சொல்வார்கள், எண் கூடினால் குழல் சிறியது. 12 கேஜ் அவள் தோளுக்கு அதிகம். 20 கேஜ் போதும். தலையையும் கழுத்தையும்தான் குறிபார்க்க வேண்டும். 40 கெஜத்தில் காகிதத்தில் சுட்டு, தோட்டாவுக்குள் இருக்கும் சிறு குண்டுகளின் சிதறல் எப்படி விழுகிறது என்று பாருங்கள். அவளுக்கு 25 கெஜத்துக்கு மேல் வேண்டாம் என்பது என் கருத்து.

அந்தத் தூரத்துக்குள் பறவையைக் கொண்டுவருவது பொம்மைகளின் வேலை. ஒரு பெட்டைப் பொம்மை, ஒரு இளஞ்சேவல் பொம்மை, இரண்டையும் 15 கெஜத்தில் வையுங்கள். இளஞ்சேவலின் முகம் கூடாரத்தைப் பார்த்து இருக்கட்டும். சண்டைக்கு வரும் பெரிய சேவல் சுற்றிக்கொண்டு அதன் முகத்துக்கு நேரே வந்து நிற்கும். அதாவது உங்களுக்கு முதுகைக் காட்டி, விரித்த தோகையால் தன் பார்வையையே மறைத்துக்கொண்டு நிற்கும். மகள் துப்பாக்கியை நிதானமாகத் திருப்ப அந்தச் சில நொடிகள் போதும். அது தோகையைச் சுருக்கிக் கழுத்தை நீட்டும்போது சுடச் சொல்லுங்கள். மார்பில் தாடிபோல் தொங்கும் முடிக்கற்றை இருக்கிறதா என்று அதற்கு முன்பே பார்த்துவிட வேண்டும். வசந்தத்தில் தாடியுள்ள பறவையைத்தான் சுடலாம்.

சட்டத்துக்கு வருவோம். பென்சில்வேனியாவில் வான்கோழிக்கான மறைவு, உள்ளிருப்பவரின் அசைவு வெளியே தெரியாத அளவுக்குக் கெட்டியான செயற்கைத் துணியால் ஆனதாக, நான்கு பக்கமும் மேலேயும் முழுதாக மூடியதாக இருக்க வேண்டும். கடையில் மலிவாகக் கிடைக்கும், குச்சியில் நட்டு முன்னால் நிறுத்தும் தடுப்புத் துணி இதில் சேராது. கிளையையும் கல்லையும் குவித்துக் கட்டிய மறைவும் கூடாது. பறவையின் குரலைக் கேட்டு அதை நோக்கிப் பதுங்கிப் போவதற்கும் அனுமதி இல்லை. அழைத்துத்தான் வேட்டையாட வேண்டும். இது உங்கள் உயிருக்கும் நல்லது. வசந்த வேட்டையில் நடக்கும் விபத்துகளில் பல, சத்தத்தையோ நிறத்தையோ பார்த்துப் பறவை என்று நினைத்துச் சுட்டதால் வருபவை. கூடாரத்தின் வெளியே எல்லாப் பக்கமும் தெரியும்படி ஆரஞ்சுப் பட்டை கட்டுங்கள். சேவலின் தலையில் சிவப்பு, வெள்ளை, நீலம் மூன்றும் உண்டு. அந்த நிறத்தில் தொப்பியோ கைக்குட்டையோ வேண்டாம். பொம்மைகளைத் தூக்கிக்கொண்டு நடக்கும்போது பைக்குள் போட்டு மூடிவிடுங்கள்.

மகளுக்கு 12 ஆகிவிட்டதால், வேட்டைப் பயிற்சி வகுப்பு முடித்தால் ஜூனியர் உரிமம் எடுக்கலாம். நீங்களும் முதல்முறை என்பதால் உங்களுக்கும் அதே வகுப்புதான், இருவரும் சேர்ந்தே முடித்துவிடுங்கள். இன்னொன்று, நம்மவர்கள் பலருக்குத் தெரியாதது: எச்1பி போன்ற தற்காலிக விசாவில் இருப்பவர் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருக்கக் கூட்டாட்சிச் சட்டம் தடை போடுகிறது. செல்லுபடியாகும் வேட்டை உரிமம் இருந்தால் அந்தத் தடைக்கு விலக்கு உண்டு. எனவே உரிமம் முதலில், துப்பாக்கி பிறகு. கிரீன் கார்டு வந்துவிட்டால் இந்தச் சிக்கல் இல்லை. விசாவில் இருந்தால் ஒரு வழக்கறிஞரிடம் கேட்டுவிட்டே கடைக்குப் போங்கள்.

மே மாதப் புல்வெளியில் உண்ணி அதிகம். அது கடித்து வரும் லைம் நோய் பென்சில்வேனியாவில் சர்வசாதாரணம், பெரும்பாலான கூடாரங்களுக்கு அடிப்பாகமும் கிடையாது. பெர்மெத்ரின் என்ற உண்ணிக்கொல்லித் தெளிப்பானை முந்தின நாளே துணிமணி, காலணி, நாற்காலி மேல் அடித்துக் காயவிடுங்கள். உடம்பில் அடிக்கிற மருந்து அல்ல அது.

வாங்குவது என்று முடிவானால், இருவர் தாராளமாக உட்காரும் அளவாகவும், ஜன்னல்கள் ஜிப் இல்லாமல் கொக்கியில் மாட்டுவதாகவும் பாருங்கள். ஜிப் சத்தம் காலை அமைதியில் வெகுதூரம் கேட்கும். விரிப்பது எளிது, திரும்ப மடித்துப் பைக்குள் திணிப்பதுதான் தனி வித்தை. வீட்டிலேயே நாலு தடவை மடித்துப் பழகுங்கள்.