மாதம் 500 கிலோமீட்டருக்கு டீசல் கார் தேவையா?

வணக்கம். வேளச்சேரியிலிருந்து கிண்டிக்குப் போய்வர மாதம் 500 கி.மீ., டீசலுக்கு ஒன்றரை லட்சம் கூடக் கொடுக்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். வேண்டாம், பெட்ரோலே எடுங்கள்.

விளம்பர மைலேஜ் ஆய்வகத்தில் உருளைமேல் ஓட்டி எடுத்தது, அதில் சிக்னலும் இல்லை, மழைநீரும் இல்லை. நகரத்துக்குள் லிட்டருக்குப் பெட்ரோல் 13 கி.மீ., டீசல் 17 கி.மீ. என்று வையுங்கள். லிட்டர் 101, 93 ரூபாய் என்றால் மாதம் மிச்சம் சுமார் 1,150 ரூபாய். ஒன்றரை லட்சத்தை எடுக்கவே கிட்டத்தட்ட 11 வருடம் ஆகும்!

அப்புறம், பிஎஸ்6 என்ற மாசுக் கட்டுப்பாட்டு விதிப்படி வரும் டீசல் கார்களில் புகைக்கரியைப் பிடிக்கும் வடிகட்டி இருக்கிறது. அது சேர்ந்த கரியை எரித்துத் தீர்க்க, வண்டி சூடேறிக் கொஞ்ச நேரம் ஒரே வேகத்தில் ஓட வேண்டும். குட்டிக் குட்டிப் பயணமாகவே ஓட்டினால் அடைத்துக்கொள்ளும். என் டீசல் வண்டியில் வடிகட்டியில் கரி சேர்ந்ததைக் காட்டும் மஞ்சள் விளக்கு எரியும்போதெல்லாம் செங்கல்பட்டு வரை ஒரு ஓட்டு ஓட்டிவிட்டு வருவேன்.

வாங்கிய பிறகு திரையில் காட்டும் மைலேஜை மட்டும் நம்பாதீர்கள். ஒரே பெட்ரோல் பங்கில், குழாய் தானாக நிற்கும் வரை டேங்க் நிரப்பி டிரிப் மீட்டரைப் பூஜ்யமாக்குங்கள். அடுத்த முறை அதேபோல நிரப்பும்போது, ஓடிய தூரத்தை அப்போது பிடித்த லிட்டரால் வகுங்கள். மூன்று தடவை செய்தால் உண்மை தெரிந்துவிடும்.