மைனர் யார்? வாசகர் கேள்விகள்

மைனா பறவைதான் மைனர் ஆனதா? (புத்தூர்)

இல்லை. மைனா வடக்கிலிருந்து வந்த பெயர். மைனர் லத்தீன், 'இன்னும் சிறியவர்' என்று பொருள். மைனஸும் அதே குடும்பம்.

அப்படியானால் சொகுசாக ஊர் சுற்றுகிறவனை ஏன் மைனர் என்கிறோம்? (நகரி)

ஜமீன் காலத்து மிச்சம். ஜமீன்தார் கண்ணை மூடி, வாரிசு சிறுவனாக இருந்தால், சொத்தை 'கோர்ட் ஆஃப் வார்ட்ஸ்' என்ற அரசு அமைப்பு நிர்வகிக்கும். பையன் மைனர் ஜமீன்தார். வேலை கிடையாது, கையில் காசு, கழுத்தில் செயின். நம் பக்கம் கார்வேட்டிநகரம், காளஹஸ்தி, புங்கனூர் என்று ஜமீன்களுக்கா பஞ்சம்? வயது ஏறியும் பட்டம் இறங்கவில்லை. 40 வயது மைனரை நானே பார்த்திருக்கிறேன்.

மகனுக்கு 20 முடிந்தது. 21 ஆகாமல் கல்யாணம் செய்ய முடியாதே, அவன் மைனர்தானே? (பலமனேர்)

இல்லை. கல்யாண வயது வேறு, மேஜராகும் வயது வேறு. கோர்ட் கார்டியன் நியமித்த பிள்ளைகளுக்கு மட்டும் 21 என்று இருந்தது. 1999இல் அதையும் 18 ஆக்கிவிட்டார்கள்.

பேத்திக்கு 18 நடக்கிறது. மேஜர்தானே? (திருத்தணி)

நடக்கிறது என்றால் 17தான் முடிந்திருக்கிறது! பிறந்த தேதியை எழுதுங்கள் என்று எத்தனை முறை சொல்வது? 18ஆம் பிறந்தநாள் தொடங்கும்போதே மேஜர். பிறந்த நேரம், நட்சத்திரம் எல்லாம் வேண்டாம்.

'மைனாரிட்டி'யைச் சிறுபான்மை என்று எழுதலாமா? (குப்பம்)

வயதைச் சொல்லும் இடத்தில் கூடாது. கேட்டதற்கு நன்றி, பலர் கேட்காமலே எழுதுகிறார்கள். போன மாதம் என்னிடம் வந்த ஒரு பத்திர நகலில் '1956ஆம் வருட இந்து சிறுபான்மையினர் சட்டம்' என்றிருந்தது. இந்துக்கள் எங்கே சிறுபான்மை ஆனார்கள்? அங்கே மைனாரிட்டி என்றால் மைனராக இருக்கும் நிலை. பக்கத்து வீட்டுத் தெலுங்குக்காரர் 'மைனாரிட்டி தீரிந்தி' என்றால், பையன் மேஜராகிவிட்டான் என்று நமக்குப் புரிகிறது. பத்திரத்தில் மட்டும் ஏன் புத்தி தடுமாறுகிறது? சட்டத் தமிழில் 'இளவர்' உண்டு. இலங்கையில் 'பராயமடையாதவர்' என்பார்கள். அப்புறம், மைனருக்கு 'வயதுக்கு வராத' என்று எழுதுகிறார்களே, அது. நம் ஊரில் அது பூப்பைக் குறிக்கும் பேச்சு. பெண்ணுக்கு எழுதினால் பொருளே மாறும், பையனுக்கு எழுதினால் சிரிப்பார்கள். '18 வயது நிரம்பாத' என்று எழுதினால் என்ன குறைந்துபோகும்?

பாட்டி என் மைனர் மகன் பேரில் எழுதிவைத்த மனையை நான் விற்கலாமா? (சித்தூர்)

கோர்ட் அனுமதி இல்லாமல் கூடாது. மீறி விற்றால், அவன் மேஜராகி 3 வருடத்துக்குள் வழக்குப் போட்டு விற்பனையை ரத்து செய்யலாம். மகனின் பிறந்த தேதியை நீங்களும் எழுதவில்லை.