இ.எஃப். 48-க்கு வந்துவிட்டது, மாத்திரைகளை நிறுத்தலாமா?

கேள்வி: அப்பாவுக்கு 57 வயது. சென்ற ஆண்டு மூச்சுத் திணறலோடு மருத்துவமனையில் சேர்த்தபோது இதயம் பலவீனமாக இருக்கிறது, இ.எஃப். 25 சதவீதம் என்றார்கள். ஆஞ்சியோகிராமில் அடைப்பு இல்லை. பிசோப்ரோலால் 5 மி.கி., சாகுபிட்ரில்-வல்சார்ட்டான் 100 மி.கி. இரண்டு வேளை, ஸ்பைரோனோலாக்டோன் 25 மி.கி., டபாக்லிஃப்ளோசின் 10 மி.கி., ஃப்ரூசிமைடு 40 மி.கி. சாப்பிடுகிறார். பத்து மாதம் கழித்து எடுத்த எக்கோவில் 48. கால் வீக்கம் இல்லை. ஆனால் காலையில் எழுந்தால் தலை சுற்றுகிறது, பிரஷர் 98/62 காட்டுகிறது. "அதான் சரியாகிவிட்டதே, மாத்திரை எதற்கு?" என்கிறார். சித்தப்பா ஸ்டெம் செல் ஊசி விளம்பரம் ஒன்றை அனுப்பியிருக்கிறார். மருத்துவமனையில் ஓர் ஆய்வில் சேரவும் கேட்கிறார்கள். என்ன செய்வது?
– வாசகி, பட்டர்வொர்த்

பதில்: இ.எஃப். என்பது இடது வென்ட்ரிக்கிளில், அதாவது உடம்புக்கு இரத்தத்தை அனுப்பும் இதயத்தின் கீழ் இடது அறையில், நிரம்பும் இரத்தத்தில் ஒரு துடிப்புக்கு எத்தனை சதவீதம் வெளியேறுகிறது என்ற கணக்கு. 25-லிருந்து 48 என்பது மிக நல்ல முன்னேற்றம். அப்பாவிடம் முதலில் அதைச் சொல்லுங்கள். ஆனால் அந்த 48 மாத்திரைகளோடு சேர்ந்த 48. மாத்திரை இல்லாமல் அந்த இடது வென்ட்ரிக்கிள் எவ்வளவு சுருங்கும் என்பதை எந்த எக்கோவும் காட்டாது.

அப்பா கேட்கும் இதே கேள்வியை வைத்து லண்டனில் ஓர் ஆய்வு நடந்தது. பெயர் டிரெட்-எச்.எஃப்., முடிவு 2019-ல் லான்செட் இதழில் அச்சானது. அடைப்பு இல்லாமலே இதயம் விரிந்து பலவீனமாகி, மருந்தால் மீண்ட 51 பேரை எடுத்துக்கொண்டார்கள். இ.எஃப். 50 அல்லது அதற்கு மேல், வென்ட்ரிக்கிள் அளவு இயல்பு, எந்தத் தொந்தரவும் இல்லை, இதயம் திணறும்போது இரத்தத்தில் கூடும் என்.டி.-புரோ-பி.என்.பி. என்ற பொருளும் குறைவு. இத்தனையும் இருந்தவர்களை மட்டும்தான் சேர்த்தார்கள். ஒரு பாதியினருக்கு மருத்துவர் கண்காணிப்பில் மாத்திரைகளைப் படிப்படியாக நிறுத்தினார்கள். ஆறு மாதத்துக்குள் அவர்களில் 44 சதவீதம் பேருக்கு இதயம் மறுபடி பலவீனப்படத் தொடங்கியது. மாத்திரையைத் தொடர்ந்த பாதியில் ஒருவருக்குக்கூட அப்படி ஆகவில்லை. பிறகு அந்தப் பாதிக்கும் நிறுத்திப் பார்த்தபோது, அவர்களிலும் மூன்றில் ஒருவருக்கு மேல் சறுக்கினார்கள்.

கவனியுங்கள், அந்த 51 பேரும் இன்றைய உங்கள் அப்பாவைவிட நல்ல நிலையில் இருந்தவர்கள். 48 என்றால் அவரை அந்த ஆய்வில் சேர்த்திருக்கவே மாட்டார்கள். அதனால் என் பதில்: நிறுத்தக் கூடாது. 'கொஞ்ச நாள் விட்டுப் பார்ப்போம்' என்பதும் கூடாது. சறுக்கல் தொடங்கும்போது உடம்புக்கு ஒன்றும் தெரியாமல் இருக்கலாம். ஸ்கேனிலும் இரத்தப் பரிசோதனையிலும்தான் முதலில் தெரியும்.

அந்த 48-ஐயும் ஒரே எண்ணாகப் பிடித்துக்கொள்ளாதீர்கள். ஒரே ஆளுக்கு வேறு நாளில் வேறு ஒருவர் எக்கோ எடுத்தால் ஐந்து புள்ளி கூடலாம், குறையலாம். அறிக்கையில் எல்.வி.ஐ.டி.டி. என்று ஒரு வரி இருக்கும். வென்ட்ரிக்கிள் நிரம்பியிருக்கும்போது அதன் அகலம் அது. ஆண்களுக்குச் சுமார் 58 மி.மீ. வரை இயல்பு. பழைய அறிக்கையில் 66, இப்போது 56 என்று இருந்தால் இதயம் உண்மையாகவே சுருங்கி வடிவத்துக்குத் திரும்புகிறது என்று பொருள். இ.எஃப். ஏறியும் அகலம் குறையவில்லை என்றால் எனக்கு நிம்மதி வராது. இரண்டு அறிக்கைகளையும் அடுத்த அப்பாயின்மென்டுக்குக் கொண்டுபோய் அந்த வரியை ஒப்பிட்டுக் காட்டச் சொல்லுங்கள்.

இனி தலைசுற்றல். மாத்திரையை நிறுத்த வேண்டும் என்ற எண்ணம் பெரும்பாலும் இங்கிருந்துதான் வருகிறது. 98 என்ற எண் மட்டும் இருந்து தொந்தரவு ஏதும் இல்லை என்றால் நாங்கள் எதையும் மாற்றுவதில்லை. அப்பாவுக்குத் தலை சுற்றுகிறது, ஆகவே அளந்து பார்க்க வேண்டும். காலையில் படுத்தபடி ஐந்து நிமிடம் இருந்து ஒரு முறை பிரஷர் எடுங்கள். பிறகு எழுந்து நிற்கச் சொல்லி 1 நிமிடத்தில் ஒன்று, 3 நிமிடத்தில் ஒன்று. மேல் எண் 20 அல்லது அதற்கு மேல் இறங்கினால், நிற்கும்போது அழுத்தம் சரிகிறது என்று அர்த்தம். நாடித்துடிப்பையும் எழுதிக்கொள்ளுங்கள். மூன்று நாள் அளவுகள் இருந்தால் மருத்துவருக்கு வேலை எளிது.

குறைக்க வேண்டியது இருந்தால் முதலில் கை வைப்பது ஃப்ரூசிமைடில். அது நீரை வெளியேற்றும், அவ்வளவுதான். ஆயுளைக் கூட்டுவதாக எந்த ஆய்வும் அதற்குக் காட்டவில்லை. கால் வீக்கம் இல்லை, மல்லாந்து படுத்தால் மூச்சு முட்டவில்லை என்றால் மருத்துவர் அதை 20 மி.கி. ஆக்குவார், அல்லது நிறுத்தியே விடுவார். டபாக்லிஃப்ளோசினும் கொஞ்சம் நீரை இழுப்பதால் பலருக்கு அந்த அளவு ஃப்ரூசிமைடு பிறகு தேவைப்படுவதில்லை. குறைத்த பிறகு தினமும் காலையில், சிறுநீர் கழித்ததும், சாப்பிடுவதற்கு முன் எடை பாருங்கள். மூன்று நாளில் 2 கிலோ ஏறினால் அது சதை அல்ல, தண்ணீர். உடனே மருத்துவமனையை அழையுங்கள். பிரஷருக்கு அம்லோடிபினோ, சிறுநீர்ப் பிரச்சினைக்குப் பிரசோசினோ வேறு கிளினிக்கில் யாராவது கொடுத்திருக்கிறார்களா என்றும் தேடிப் பாருங்கள். தலைசுற்றலுக்கு அடிக்கடி காரணம் அதுதான். எல்லா மாத்திரையையும் காலையில் ஒரே வாயில் போடாமல் மருத்துவரைக் கேட்டுப் பிரித்துக்கொள்வதும் உதவும்.

மற்ற நான்கும்தான் வென்ட்ரிக்கிளைக் காப்பவை. பிசோப்ரோலால் 1999-ல் சிபிஸ்-2 ஆய்விலும், ஸ்பைரோனோலாக்டோன் அதே ஆண்டு ரேல்ஸ் ஆய்விலும் இறப்பை மூன்றில் ஒரு பங்கு அளவுக்குக் குறைத்தன. டபாக்லிஃப்ளோசினைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். முன்பு இ.எஃப். 40-க்குக் கீழே இருந்து இப்போது மேலே வந்தவர்களையும் சேர்த்து நடத்திய டெலிவர் ஆய்வில் (2022) அவர்களுக்கும் பலன் தொடர்ந்தது. அப்பா அந்த வகைதான். தலைசுற்றல் அடங்கிய பிறகு மருத்துவர் பிசோப்ரோலாலை 10-க்கும், சாகுபிட்ரில்-வல்சார்ட்டானை 200-க்கும் ஏற்றப் பார்த்தால் பயப்பட வேண்டாம். ஆய்வுகளில் இலக்காக வைத்த அளவு அதுதான். அப்பா இப்போது பாதி அளவில் இருக்கிறார்.

வீட்டில் பெரிண்டோப்ரில் என்ற பழைய பிரஷர் மாத்திரைப் பட்டை மிச்சம் இருந்தால் தூக்கி எறியுங்கள். சாகுபிட்ரிலோடு அது சேர்ந்தால் நாக்கும் தொண்டையும் வீங்கி மூச்சு அடைக்கும். இரண்டுக்கும் இடையே 36 மணி நேரமாவது இடைவெளி வேண்டும். மூட்டு வலிக்கு பொன்ஸ்தான், டிக்லோஃபினாக் வேண்டாம், பாரசிட்டமால் போதும். 'குறைந்த சோடியம் உப்பு' என்று சூப்பர்மார்க்கெட்டில் விற்பது பெரும்பாலும் பொட்டாசியம் குளோரைடு கலந்தது. ஸ்பைரோனோலாக்டோன் சாப்பிடுபவருக்கு அது ஆபத்து, இரத்தத்தில் பொட்டாசியம் 5.5-ஐத் தாண்டினால் மாத்திரையைப் பாதியாக்க வேண்டிவரும். சாதாரண உப்பையே குறைத்துப் போடுங்கள். கருவாடு, ஊறுகாய், மெகி மூன்றும் மாதம் ஒருமுறை என்றால் போதும்.

ஸ்டெம் செல் பற்றி. 500 பேருக்கு மேல் பங்கேற்று 2023-ல் முடிவு வெளியான ட்ரீம்-எச்.எஃப். ஆய்வில், செல்களைக் கதீட்டர் என்ற மெல்லிய குழாய் வழியாக நேராக இதயத் தசைக்குள்ளேயே செலுத்தினார்கள். அப்படியும் அதன் முதன்மை இலக்கு, அதாவது இதயச் செயலிழப்பு மறுபடி மறுபடி வருவதைக் குறைப்பது, நிறைவேறவில்லை. சில துணை முடிவுகள் நம்பிக்கை தந்தன, ஆராய்ச்சி தொடர்கிறது. விளம்பரத்தில் வருவதோ பெரும்பாலும் கை நரம்பில் ஏற்றும் ஊசி. அப்படி ஏற்றும் செல்களில் பெரும்பகுதி நுரையீரலிலேயே சிக்கிக்கொள்கின்றன. சித்தப்பா அன்பால் அனுப்பியிருக்கிறார், அவரிடம் கோபப்பட வேண்டாம். பணம் மட்டும் கட்டாதீர்கள்.

மருத்துவமனை கேட்கும் ஆய்வு வேறு விஷயம். அதில் சேர்வதை நான் ஆதரிக்கிறேன், சில கேள்விகளுக்கு நேரான பதில் கிடைத்தால். இப்போதைய நான்கு மருந்துகளில் எதையாவது நிறுத்துவார்களா? நல்ல ஆய்வுகளில் புதிய மருந்தோ வெற்று மாத்திரையோ வழக்கமான சிகிச்சைக்கு மேலேதான் வரும். மலேசியாவின் தேசிய மருத்துவ ஆய்வுப் பதிவேட்டில், அதாவது என்.எம்.ஆர்.ஆர்.-இல், பதிவு எண் என்ன? எந்த நெறிமுறைக் குழு ஒப்புதல் தந்தது? இரவு 2 மணிக்கு மூச்சு முட்டினால் யாரை அழைப்பது? ஆய்வால் உடம்புக்குக் கேடு வந்தால் சிகிச்சைச் செலவு யாருடையது? தகவல் தாளை வீட்டுக்கு எடுத்துவந்து அப்பா தனக்குப் புரியும் மொழியில் முழுதாகப் படிக்கட்டும், அல்லது நீங்கள் படித்துக் காட்டுங்கள். அன்றைக்கே கையெழுத்துப் போட வேண்டும் என்று அவசரப்படுத்தினால் மறுத்துவிடலாம். சேர்ந்த பிறகும் எந்த நாளிலும் விலகலாம், வழக்கமான சிகிச்சை அதனால் நிற்காது. சோதிக்கப்படும் மருந்துக்கே காசு கேட்டால் அங்கே சேராதீர்கள்.

தைப்பூசம் வருகிறது. பினாங்கு தண்ணீர்மலை முருகன் கோயிலுக்கு 500-க்கும் மேற்பட்ட படிகள். இந்த ஆண்டு காவடி வேண்டாம், அடிவாரத்தில் நின்று கும்பிடட்டும். விரதம் என்று ஒருவேளை மட்டும் சாப்பிட்டுத் தண்ணீரும் குறைந்தால், டபாக்லிஃப்ளோசின் சாப்பிடுபவர்களுக்குச் சர்க்கரை இயல்பாக இருக்கும்போதே இரத்தத்தில் அமிலம் கூடும் அபாயம் உண்டு. விரதம் இருந்தே தீருவேன் என்றால் அந்த நாட்களுக்கு மாத்திரையை எப்படிக் கையாள்வது என்று முன்னதாகவே மருத்துவரிடம் கேட்டு வையுங்கள். வாந்தி, பேதி வந்து சாப்பிட முடியாத நாளில் டபாக்லிஃப்ளோசினை நிறுத்திவைத்து, மற்ற மாத்திரைகளுக்கு அன்றே மருத்துவமனையைக் கேளுங்கள். குடிப்பழக்கம் இருந்தால், பீரோ, சம்சு என்ற மலிவுச் சாராயமோ, துளியும் கூடாது.

அடைப்பில்லாமல் வரும் இந்த நோய் சில குடும்பங்களில் மரபணு வழியாக வரும். ஆகவே நீங்களும், உடன்பிறந்தவர்களும், சித்தப்பாவும் ஒரு முறை ஈ.சி.ஜி.யும் எக்கோவும் எடுத்துக்கொள்ளுங்கள். தொந்தரவு ஒன்றும் இல்லை என்று தள்ளிப் போடாதீர்கள்.