மழைக்காட்டு விடுதியில் தங்கி வேலை பார்க்கும் இயற்கை வழிகாட்டியின் நாள் எப்படி இருக்கும்?

பெருவின் தம்போபாட்டா போன்ற அமேசான் பகுதி என்றால், விடியுமுன்பே தொடங்கிவிடும். மக்கா எனப்படும் பெரிய வண்ணக் கிளிகள் களிமண் தின்ன ஆற்றங்கரைச் சரிவுக்கு அதிகம் வருவது காலையில்தான். அதற்குள் விருந்தினரைப் படகில் கூட்டிப்போய் மறைவிடத்தில் உட்கார வைத்துவிட வேண்டும். மழை பெய்தால் கிளிகள் பெரும்பாலும் இறங்காது. மேலே ஒரு பருந்து வட்டமிட்டாலும் கூட்டமே கலைந்துவிடும். எனவே 'கட்டாயம் பார்க்கலாம்' என்று முந்தின இரவே வாக்குக் கொடுக்காதீர்கள்.

கருவிகளுக்கு ஈரப்பதம்தான் எமன்: லென்ஸில் பூஞ்சை பிடிக்கும். பைனாகுலரை நன்றாகத் துடைத்து, சிலிக்கா ஜெல்லோடு காற்றுப்புகாத டப்பாவில் வையுங்கள்.

இரவு நடையில் டார்ச்சைக் கண்மட்டத்தில் பிடியுங்கள். சருகுக்கு நடுவே பனித்துளி போல மின்னுவது ஓநாய்ச் சிலந்தியின் கண். இடுப்பளவில் பிடித்தால் அந்த ஒளி உங்கள் கண்ணுக்குத் திரும்பாது.